தெளிந்த தண்ணீரைச் சந்தேகப்பட்ட டாக்டர்: புயலுக்குப் பிறகு சென்னை ஏன் ஜான் ஸ்னோவை நினைக்க வேண்டும்?

புயல் கரையைக் கடந்துவிட்டது. தெருவில் தேங்கிய தண்ணீர் வடிந்து, கரன்ட் வந்து, குழாயிலும் தண்ணி வர ஆரம்பித்துவிட்டது. இப்போது மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதைக் குடிக்கலாமா? 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தபோது இந்தக் கேள்வி எழுந்தது. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்கள் நாள்கணக்கில் மிதந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனபோதும் இதே கேள்விதான்.

பலரும் செய்யும் சோதனை எளிமையானது. ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கலங்கல் இல்லை, வாடை இல்லை என்றால் சரி, குடித்துவிடலாம். இந்தச் சோதனையை நம்பவே கூடாது என்று 170 வருஷங்களுக்கு முன்பே லண்டனில் ஒரு டாக்டர் வீடு வீடாக ஏறி இறங்கிக் காட்டினார். அவர் பெயர் ஜான் ஸ்னோ.

வெள்ளக்கரையில் பிறந்தவர்

ஸ்னோ பிறந்தது 1813 மார்ச் 15, இங்கிலாந்தின் யார்க் நகரத்தில். அப்பா கூலித் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். வீடு இருந்த இடம் ஊஸ் ஆற்றை ஒட்டிய ஏழைகள் குடியிருப்பு. ஆறு பெருகினால் முதலில் தண்ணீர் ஏறும் பகுதி அது. சந்தைக் கழிவு, இடுகாட்டு மண், சாக்கடை எல்லாம் மழையோடு சேர்ந்து அந்த ஆற்றில்தான் கலந்தன. அடையாற்றங்கரையிலோ பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலோ வசிப்பவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

பையன் படிப்பில் கெட்டி. 14 வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் தொழில் கற்கச் சேர்த்துவிட்டார்கள். அங்கே இருந்தபோதுதான் காலராவை முதன்முதலில் நேருக்கு நேர் பார்த்தார். 1817-ல் வங்கத்தில் கிளம்பிய கொள்ளைநோய் அடுத்த வருஷமே சென்னை மாகாணத்துக்கு வந்து, பின்னொரு அலையில் 1831-ல் இங்கிலாந்தையும் எட்டியது. கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைக் கவனிக்க 18 வயது ஸ்னோவை அனுப்பினார்கள்.

சுரங்கத்துக்குள் கழிப்பறை கிடையாது. கை கழுவத் தண்ணீரும் கிடையாது. கொண்டுவந்த சாப்பாட்டை அதே கையால் அதே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வாந்திபேதி கண்டு ஆட்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். காரணத்தை அந்த வயதில் ஸ்னோவால் சொல்ல முடியவில்லை. ஆனால் பார்த்ததை மறக்கவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் அவர் சைவத்துக்கு மாறினார். கொதிக்க வைத்தோ காய்ச்சி வடித்தோ சுத்தப்படுத்திய தண்ணீரைத்தான் குடிப்பது என்றும் முடிவு செய்தார். பிற்காலத்தில் உடம்பு முடியாமல் போனபோது சாப்பாட்டு விரதத்தைத் தளர்த்தினார். தண்ணீர் விஷயத்தை மட்டும் கடைசி வரை விடவில்லை. கிருமி என்ற ஒன்று நோயைத் தருகிறது என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்வதற்குப் பல வருஷங்களுக்கு முந்தைய பழக்கம் இது.

மயக்க மருந்து நிபுணர்

1836-ல் ஸ்னோ லண்டன் போய்ச் சேர்ந்தார். 1838-ல் அறுவை மருத்துவராகப் பதிவு செய்துகொண்டார். 1844-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம். சோஹோ பகுதியில் ஒரு சின்ன இடத்தில் தொழில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

வாழ்ந்த காலத்தில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது காலரா ஆராய்ச்சி இல்லை, மயக்க மருந்து. ஈதர், குளோரோஃபார்ம் ஆகியவற்றை எவ்வளவு கொடுக்கலாம், எப்படிக் கொடுத்தால் நோயாளி சாகமாட்டார் என்பதை அளந்து அளந்து கண்டுபிடித்தார். 1853-லும் 1857-லும் விக்டோரியா மகாராணியின் பிரசவங்களில் குளோரோஃபார்ம் கொடுத்தவர் இவர்தான்.

இந்த வேலைதான் அவரைக் காலரா விஷயத்தில் மற்றவர்களிடமிருந்து பிரித்தது. அன்றைய டாக்டர்களும் அதிகாரிகளும் நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்று நம்பினார்கள். நாற்றம் அடித்தால் நோய் வரும், நாற்றத்தை விரட்டினால் நோய் போகும் என்பது கொள்கை. வாயுக்களோடு தினமும் புழங்கிய ஸ்னோவுக்கு இது ஒத்துவரவில்லை. காற்றில் வரும் விஷம் நுரையீரலை அல்லவா முதலில் தாக்க வேண்டும்? காலராவோ வயிற்றிலும் குடலிலும் தொடங்குகிறது. அப்படியானால் அது வாய் வழியாக உள்ளே போகிறது. நோயாளியின் கழிவு எப்படியோ இன்னொருவர் குடிக்கும் தண்ணீரில் கலக்கிறது. 1849-ல் இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடிபம்பின் கதை

1854 ஆகஸ்ட் 31 இரவு. ஸ்னோ வசித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. மூன்று நாளில் 127 பேர் இறந்தார்கள். ஒரே வாரத்தில் முக்கால்வாசி ஜனம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனது. கடைசிக் கணக்கு 616 சாவு.

தெருவின் நடுவே ஒரு அடிபம்பு இருந்தது. அதன் தண்ணீருக்கு நல்ல பெயர். தெளிவாக இருக்கும், ருசியாக இருக்கும், சில்லென்று இருக்கும். வேறு பம்பு பக்கத்தில் இருந்தவர்கள்கூட இதைத் தேடி வந்து பிடித்துப் போவார்கள். ஸ்னோ அந்தத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை.

தண்ணீர் காட்டிக்கொடுக்காததை அவர் மனிதர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பதிவாளர் அலுவலகத்தில் 83 மரணங்களின் பட்டியலை வாங்கி, அந்த வீடுகளுக்குப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: எங்கே தண்ணீர் பிடித்தீர்கள்? பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் அந்த பம்புக்கு அருகில் வாழ்ந்தவர்கள். அந்தப் பத்திலும் ஐந்து வீட்டார் வழக்கமாக இந்த பம்புத் தண்ணீரைத்தான் வரவழைத்துக் குடித்திருந்தார்கள்.

நோய் வராதவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர். அவர்களில் இறந்தது 5 பேர் மட்டுமே. விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே வட்டாரத்து பீர் தொழிற்சாலையின் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவரும் சாகவில்லை. அங்கேயும் தனிக் கிணறு. அதோடு ஆட்களுக்கு பீர் இலவசம்.

எல்லாவற்றையும்விட உறுத்தியது ஹாம்ஸ்டெட்டில் நடந்த ஒரு மரணம். அங்கே காலராவே கிடையாது. ஆனாலும் ஒரு விதவைப் பெண் காலராவில் இறந்தார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்தவர் அவர். அந்த பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், வண்டியில் வரவழைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் தன் ஊருக்குத் திரும்பிப் போய் இறந்தார். காற்று இவர்களை எட்டவில்லை. தண்ணீர் எட்டியது.

செப்டம்பர் 7 மாலை ஸ்னோ வட்டார நிர்வாகக் குழு முன்னால் போய் நின்று கணக்கை வைத்தார். குழுவினர் அரைமனதோடுதான் கேட்டார்கள். ஆனாலும் மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். ஜனம் ஊரைவிட்டுப் போனதால் நோய் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே மறைக்காமல் எழுதினார்.

மூன்றடி தூரத்தில் இருந்த குழி

கிணற்றுக்குள் விஷம் எப்படிப் போனது? அதைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் பாதிரியார். ஸ்னோ சொல்வது தப்பு என்று நிரூபிக்கக் கிளம்பியவர் அவர். விசாரிக்க விசாரிக்க, ஸ்னோவின் பக்கம் வந்து சேர்ந்தார்.

பம்புக்கு நேர் எதிரே 40-ம் எண் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று, நோய் பரவுவதற்குச் சில நாள் முன்பு வயிற்றுப்போக்கில் விழுந்து, பிறகு இறந்திருந்தது. குழந்தையின் துணியை அலசிய தண்ணீரை அம்மா வீட்டு வாசல் கழிவுக் குழியில் கொட்டியிருந்தார். 1855-ல் தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. குழியின் செங்கல் கட்டு இற்றுப்போய், கழிவு மண் வழியாகக் கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது.

இன்னொரு விஷயமும் தெரியவந்தது. கைப்பிடியைக் கழற்றிய அதே செப்டம்பர் 8 அன்று குழந்தையின் அப்பாவுக்கும் காலரா கண்டது. அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் போயிருக்கும். பம்பு ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தெரு இரண்டாவது முறையும் சாவைப் பார்த்திருக்கும்.

சென்னை வீட்டுக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய காட்சி இந்த மூன்றடி. சம்ப் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வாசலில், தரைமட்டத்தில். கழிவுநீர் இணைப்பும் அதே வாசல் வழியாகத்தான் தெருவுக்குப் போகிறது. சாதாரண நாளில் இரண்டுக்கும் நடுவே சிமென்ட் சுவர் காவல் நிற்கிறது. பாதாளச் சாக்கடை பொங்கித் தெருவில் முழங்கால் அளவு நிற்கும்போது, சம்ப் மூடியின் இடுக்கு வழியாக அது உள்ளே இறங்கிவிடும். பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அடுத்தடுத்தே ஓடுகின்றன. வேரோடு சாயும் மரம் குழாயையும் பெயர்த்துவிட்டுப் போகும். சப்ளை நிற்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. விரிசல் வழியாக வெளித் தண்ணி உள்ளே வரும். அந்த நேரம் பார்த்து யாராவது லைனிலேயே மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம்.

ஒரே தெரு, இரண்டு கம்பெனி

பிராட் தெருவைவிடப் பெரிய சான்றை ஸ்னோ தென் லண்டனில் திரட்டினார். அங்கே ஒரே தெருவில் இரண்டு தனியார் கம்பெனிகள் குழாய்த் தண்ணீர் கொடுத்தன. லாம்பெத் கம்பெனி 1852-ல் தண்ணீர் எடுக்கும் இடத்தை, லண்டன் சாக்கடை கலக்காத தேம்ஸ் நதியின் மேல்பகுதிக்கு மாற்றியிருந்தது. சதர்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி பழைய இடத்திலேயே எடுத்தது. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே காற்று, ஒரே மாதிரி வருமானம். தண்ணீர் மட்டும்தான் வேறு.

எந்தக் கம்பெனித் தண்ணீர் என்பது பல குடித்தனக்காரர்களுக்கே தெரியவில்லை. அதற்கும் ஸ்னோ வழி வைத்திருந்தார். வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டு உப்பின் அளவைப் பார்த்தார். உப்பு அதிகம் என்றால் கீழ்த் தேம்ஸ் தண்ணீர். முதல் ஏழு வாரக் கணக்கு வந்தது. சதர்க் கம்பெனி வீடுகளில் 10,000 வீட்டுக்கு 315 சாவு. லாம்பெத் வீடுகளில் 37.

இவ்வளவுக்குப் பிறகும் சுகாதார வாரியம் அவர் முடிவை ஏற்கவில்லை. கெட்ட காற்றுக் கொள்கை அவ்வளவு ஆழமாக வேர் பிடித்திருந்தது. பம்பின் கைப்பிடியைக்கூட நோய் அடங்கியதும் திரும்ப மாட்டிவிட்டார்கள். 1858 ஜூன் 10 அன்று மயக்க மருந்து பற்றிய புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்னோவுக்குப் பக்கவாதம் தாக்கியது. 16-ம் தேதி இறந்தார். வயது 45. மருத்துவ இதழில் வந்த சில வரி இரங்கல் குறிப்பில் காலரா என்ற வார்த்தையே இல்லை. 1866-ல் கிழக்கு லண்டனில் மறுபடி காலரா வந்து, அது ஒரு குறிப்பிட்ட கம்பெனித் தண்ணீரோடு பொருந்திப்போன பிறகுதான் மனங்கள் மாறின. 1884-ல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலராக் கிருமியை உறுதிப்படுத்தினார்.

சென்னைக்கு வந்த பாடம்

1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, வடிகட்டாமலே ஊருக்குள் போனது. 1914-ல்தான் மூடிய கால்வாய், மணல் வடிகட்டிகள், உயர்நிலைத் தொட்டி எல்லாம் சேர்ந்த கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் இயங்கத் தொடங்கியது. அதை வடிவமைத்த இன்ஜினீயர் மேட்லியின் பெயரில்தான் தி.நகரில் மேட்லி சாலை இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி அடிக்கடி மூடப்படும் சுரங்கப்பாதையும் அவர் பெயரைத் தாங்கித்தான் நிற்கிறது.

வடிகட்டி, குளோரின் கலந்து, குழாய் வழியாக அனுப்பும் வேலை இன்று வாரியத்துடையது. புயலுக்குப் பிறகு ஆபத்து பெரும்பாலும் கடைசிச் சில அடிகளில் இருக்கிறது: தெருக் குழாய்க்கும் அடுப்படிக்கும் நடுவே. அந்தக் கடைசி அடிகளை வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது?

தெருத் தண்ணீர் சம்ப் மூடியைத் தொட்டிருந்தால் மோட்டாரைப் போடவே கூடாது. போட்டால் அழுக்கு மாடித் தொட்டிக்கும் எல்லாக் குழாய்களுக்கும் ஏறிவிடும். முதலில் சம்பை முழுக்க இறைத்து, சேற்றை அள்ளி, சுவரையும் தரையையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணியையும் வெளியேற்றிவிட்டுத்தான் புதுத் தண்ணி பிடிக்க வேண்டும். சம்புக்குள் தனியாக யாரும் இறங்கக் கூடாது. மேலே ஒருவர் நிற்க வேண்டும், மோட்டார் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். மாடித் தொட்டிக்கு ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தால் அதற்கும் இதே வேலைதான்.

சப்ளை திரும்ப வந்ததும் முதல் சில நிமிஷத் தண்ணியைப் பிடிக்காமல் விட்டுவிடலாம். லேசான குளோரின் வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. சாக்கடை வாடையோ கறுப்போ தெரிந்தால் சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு (044-4567 4567) சொல்ல வேண்டும்.

குடிக்க, பல் தேய்க்க, காய்கறி கழுவ, குழந்தையின் பால் கரைக்க எல்லாமே சில நாளைக்குக் காய்ச்சிய தண்ணீர்தான். மெல்லிய துணியில் வடிகட்டி, தளதளவெனக் கொதி வந்த பிறகு குறைந்தது ஒரு நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். ஆறியதும் அதே பாத்திரத்தில் மூடி வைத்து, நீளக் கைப்பிடிக் கரண்டியால் எடுக்க வேண்டும். டம்ளரோடு கையையும் உள்ளே விட்டால் காய்ச்சியது வீண்.

கேஸ் தீர்ந்துவிட்டதா? குளோரின் மாத்திரையை அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து அரை மணி நேரம் விட வேண்டும். சுத்தம் செய்த சம்பில் தெளிந்த தண்ணீருக்கு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுவான அளவு. நேரடியாகக் கொட்டாமல் ஒரு பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தண்ணியை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். கலங்கிய தண்ணியில் குளோரின் சரியாக வேலை செய்யாது. முதலில் தெளியவிட வேண்டும்.

வீட்டு பியூரிஃபையரை மட்டும் நம்ப வேண்டாம். கலங்கிய தண்ணியில் யு.வி. கதிர் சரியாக ஊடுருவாது. சேறு புகுந்த ஃபில்டரை மாற்றாமல் ஓட்டுவதும் ஆபத்து. பெட்ரோல், டீசல் வாடை அடிக்கும் தண்ணீரைக் காய்ச்சினாலும் குளோரின் போட்டாலும் சரிவராது. அதைக் குடிக்க, சமைக்க எடுக்கவே கூடாது. மூழ்கிய போர்வெல்லின் தண்ணீரை, பரிசோதனை முடியும் வரை குடிக்க வேண்டாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர் மாதிரியைப் பரிசோதிக்கிறார்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு பெரிய பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கரைத்து அடிக்கடி கொடுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரிசி கழுவிய தண்ணி போல வெளியேறினால் தாமதிக்கவே கூடாது.

அபார்ட்மென்ட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வீட்டில் இப்படி ஆனால், அது தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது. யார் யார் எந்தத் தொட்டித் தண்ணியைக் குடித்தார்கள், யாருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் என்ன குடித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி, வாரியத்துக்கும் மாநகராட்சி சுகாதார மையத்துக்கும் சொன்னால் போதும். ஸ்னோ செய்ததும் இதைத்தான். அதற்கு மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் பொறுமை தேவைப்பட்டது. விடை கிடைக்கும் வரை அந்தத் தொட்டியின் வால்வை மூடி வைக்க வேண்டும். பிராட் தெருவில் கழற்றிய கைப்பிடிக்குச் சென்னை அடுக்குமாடியில் இருக்கும் மாற்று அந்த வால்வுதான்.